புள்ளிக்குப் பின் ஓர் எண்

அந்தக் குழந்தைகள் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், சலவைக்கூடத்துக்கும் மருந்துக் கிடங்குக்கும் இடையே, ஆவணப் பிரிவு என்றோர் அறை உண்டு. சலவைக்கூடத்து நீராவி சுவரின் வழியே வந்து ஒரு பக்கத்தை எப்போதும் வெதுவெதுப்பாக வைத்திருக்கும். மறுபக்கத்தில் மருந்துகளுக்காக ஓடும் குளிர்சாதனம் கை விரல்களை விறைக்கச் செய்யும். வெப்பமும் குளிரும் சந்திக்கும் நடுவிடத்தில் ஒரு மேசை. அம்மேசைக்கு உரியவளை மருத்துவமனை முழுவதும் ‘புள்ளியக்கா’ என்றே அழைத்தது. அவளைவிட மூத்த வாயிற்காவலரும் அவளை ‘அக்கா’ என்றுதான் கூப்பிட்டார். அவளும் அதைத் திருத்தவில்லை.

அவள் செய்த தொழில் இது. சிகிச்சை முடிந்து ஒரு குழந்தை வீடு திரும்பியதும், அதன் கோப்பு கீழே இறங்கி வரும். மருத்துவர் எழுதிய நோயின் பெயரை, உலகெங்கும் பொதுவாக வகுத்துவைத்த குறியீடாக அவள் மாற்ற வேண்டும். எந்த ஊரில், எந்த மொழியில் எழுதப்பட்ட நோயாயினும் ஒரே குறியீட்டின்கீழ் வந்து சேர்ந்தால்தான் இத்தனை பேருக்கு இன்ன நோய் என்று கணக்கிட முடியும். பிறவிக் குறைகளுக்கு உரிய ஆங்கில எழுத்து கியூ. சிறுகுடலின் பிறவிக் குறை என்றால் கியூ நாற்பத்தொன்று. அதன்பின் ஒரு புள்ளி. புள்ளிக்குப் பின் சுழியம் இருந்தால் முன்சிறுகுடல். ஒன்று இருந்தால் நடுச்சிறுகுடல். இரண்டு இருந்தால் பின்சிறுகுடல். எந்தப் பகுதி என்றே மருத்துவர் எழுதவில்லையானால் ஒன்பது.

அந்த ஒன்பதின்மேல் அவளுக்குத் தீராப் பகை. “புள்ளிக்கு அப்புறம் என்ன?” என்று கேட்டுக்கொண்டே மாடிப்படி ஏறிப் போவாள். பெயர் வந்த காரணம் அதுதான்.

தானே ஊகித்து எழுதலாமே என்றால், அத்தொழிலின் நெறி அதற்கு இடம் தராது. அறுவைக் குறிப்பைப் படித்து இன்ன இடம் என்று அவளுக்கே தெளிவாகத் தெரிந்தாலும், மருத்துவர் முடிவாக எழுதாததை அவள் எழுதக் கூடாது, கேட்க வேண்டும். கேட்கும் கேள்விக்குள் விடையை வைத்துக் கேட்கவும் கூடாது. “நடுச்சிறுகுடல்தானே டாக்டர்?” என்பது குற்றம். “எந்தப் பகுதி டாக்டர்?” என்பதே முறை.

நான்காம் மாடியின் அறுவை மருத்துவர், குள்ளமும் கோபமும் நகைச்சுவையும் கலந்த ஓர் அம்மையார். அவளைக் கண்டதும் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொல்வார்: “வந்துட்டாங்கய்யா! ஏம்மா, நாலு மணி நேரம் நின்னு அந்தக் குடலைச் சேத்து வெச்சிருக்கேன். எந்த இடம்னு உனக்கே தெரியும். அப்புறம் எதுக்கு என் உயிரை வாங்குற?”

“எனக்குத் தெரிஞ்சு என்ன டாக்டர்? நீங்க எழுதினாத்தானே அது நிஜம்.”

“நல்லா பேசு. குடு அந்தப் பேனாவை.”

எழுதி வாங்கியபின் அவள் உடனே இறங்கிவிட மாட்டாள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், வெப்பப் பெட்டியில் கிடக்கும் அந்தக் குழந்தையைச் சற்று நேரம் பார்ப்பாள். கைக்குட்டையளவு வயிற்றில் ஒரு குறுக்குத் தழும்பு. மூக்கில் நூல்போல் ஒரு குழாய். உலகத்தையே எதிர்த்து மூடிய சின்னஞ்சிறு கை. பார்க்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பிறர் மந்திரம் சொல்லிவிட்டு மலர் இடுவதுபோல, அவள் முகம் கண்டுவிட்டு எண் இட்டாள்.

அவள் விலங்கியலில் பட்டம் பெற்றவள். ஆசிரியப் பணிக்கு விண்ணப்பித்து விண்ணப்பித்துக் கை ஓய்ந்த காலத்தில் திருமணம் நடந்தது. கணவர் மின்தூக்கி பழுதுபார்ப்பவர். புகுந்த வீட்டில் கால்வைத்துச் சில மாதங்களே ஆகியிருந்தபோது, கணவரின் தங்கைக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறந்த குழந்தை பால் குடித்தவுடன் பச்சையாய்க் கக்கியது. வயிறு பறைபோல் உப்பியது. குடலில் ஓரிடம் பிறவியிலேயே அடைபட்டிருக்கிறது என்றார்கள். அறுவை நடந்த அந்தப் பகல் முழுவதும் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு நான்காம் மாடி நடையில் அமர்ந்திருந்தவள் இவள்தான். குழந்தை பிழைத்தது. அந்த நடையின் அறிவிப்புப் பலகையில்தான், கோப்புகளைச் சுமந்து செல்ல ஆள் தேவை என்ற செய்தியை அவள் கண்டாள்.

சுமக்க வந்தவள் படிக்கத் தொடங்கினாள். குறியீட்டுத் தேர்வுக்குப் படிக்கும்போது, குடலின் போக்கு மனத்தில் நிற்கவில்லை என்று துணி உலர்த்தும் கயிற்றைக் கழற்றி வந்து கூடத்துத் தரையில் வளைத்து வளைத்து வைத்து, மூன்று நிற ரிப்பன்களால் பகுதி பிரித்தாள். வேலை முடிந்து வந்த கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“என்ன இது, பாம்பு பிடிக்கப் போறியா?”

“அந்த நீல ரிப்பனை மிதிக்காதீங்க. அங்கதான் வைட்டமின் உறிஞ்சுது.”

“சரி. என் சட்டையெல்லாம் எங்க காயுது?”

சட்டைகள் நாற்காலிமேல் காய்ந்தன. அவள் தேறினாள். ஆண்டுகள் உருண்டன.

அவள் பக்கத்து மேசையில் இருந்தவர் பெயர் ‘பொதுவார்’. அதுவும் சூட்டிய பெயர்தான். எந்தக் கோப்பைத் தந்தாலும் பொத்தாம்பொதுவாக ஓர் எண்ணைப் போட்டு மூடிவிடுவார். நல்ல மனிதர், எவர் வீட்டு விசேஷத்துக்கும் முதல் ஆளாய் வந்து நாற்காலி தூக்குவார். மாடி ஏறுவதுதான் அவருக்கு ஆகாது. “முட்டி வலிக்குதுக்கா” என்பார். முட்டி வலிக்கு மட்டும் இடமா வலமா என்று துல்லியமாகச் சொல்வார் என்று அறையில் ஒரு கேலி உண்டு.

இப்படி இருக்கையில், ஒரு விடுமுறை நாள் நண்பகலில் நாத்தனார் தன் மகளுடன் வீட்டுக்கு வந்தாள். அன்று வெப்பப் பெட்டியில் கிடந்த குழந்தை இன்று பள்ளி முடித்து, தோள் அகன்று, தீயணைப்புப் படைப் பயிற்சிக்கு எல்லாத் தேர்விலும் தேறி நின்றாள். சுவர் ஏறினாள், கனத்த நீர்க்குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள், உடல் தகுதிக் குழுவின் ஒப்புதல் ஒன்றே பாக்கி. அந்தக் குழு, மருத்துவமனையிலிருந்து அவளுடைய நோய் வரலாற்றைக் கேட்டு வாங்கியிருந்தது. வாங்கியபின், ‘தகுதியில்லை, மறுப்பு இருந்தால் இம்மாத இறுதிக்குள் புதிய சான்று தருக’ என்று திருப்பியிருந்தது.

காரணமாய் இருந்தது ஒரே வரி. சென்ற ஆண்டு கணுக்கால் சுளுக்கிக்கொண்டு அவள் அவசரப் பிரிவுக்கு வந்திருந்தாள். அந்தக் கோப்பை முடித்தவர், கணினி தானே இழுத்து வந்து காட்டிய பழைய குறியீட்டையும் சேர்த்து, இன்றும் உள்ள நோயாகவே அனுப்பிவிட்டார். கியூ நாற்பத்தொன்று, புள்ளி, ஒன்பது. அதன் முழுத் தலைப்பும் தாளில் அச்சாகியிருந்தது: ‘பிறவியிலேயே சிறுகுடல் இன்மை, அடைப்பு, குறுகல்; பகுதி குறிப்பிடப்படவில்லை.’ மூன்று குறைகளுக்கும் சேர்த்து இட்ட பொதுத் தலைப்பு அது. தகுதிக் குழுவின் எழுத்தர் முதற்சொல்லோடு நின்றுவிட்டார்.

“அத்தை, எனக்குச் சிறுகுடலே இல்லையாம்” என்றாள் பெண், தட்டில் மூன்றாம் முறையாகச் சோறு போட்டுக்கொண்டே. “அதுவும் எந்த இடத்துல இல்லைன்னுகூடத் தெரியலையாம்!”

“அப்ப நீ தின்னதெல்லாம் எங்கடி போச்சு?” என்றார் மாமா. “எங்க வீட்டு அரிசிப் பானைக்கு முதல்ல பதில் சொல்லு.”

நாத்தனார் சிரிக்கவில்லை. “விளையாடாதே அண்ணா. இவ அப்பா போனதுக்கு அப்புறம் இந்த ஒண்ணைத்தான் ஆசையா கேட்டிருக்கா.” பிறகு இவள் பக்கம் திரும்பினாள். “அண்ணி, உங்க கையில இருக்கிற வேலை. ஒரு தட்டு தட்டினா அந்த வரி போயிடும். நாளைக்கே பண்ணிடுங்க.”

அவள் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தாள். “நான் பண்ணக் கூடாதும்மா. சொந்தக்காரங்க கோப்பை நான் தொடவே கூடாது. திறந்து பார்க்கிறதுகூடத் தப்பு.”

“தப்பா எழுதினதைத் திருத்தறது தப்பா?”

“திருத்தறது தப்பில்லை. நான் திருத்தறது தப்பு.”

கணவருக்கே அது பொறுக்கவில்லை. “நல்லா இருக்கே நியாயம்! லிஃப்ட்டுக்குள்ள என் தங்கச்சி மாட்டிக்கிட்டா, ‘சொந்தக்காரி, தொட மாட்டேன்’னு நான் கையைக் கட்டிக்கிட்டு நிப்பேனா?”

“நிக்க மாட்டீங்க. ஆனா லிஃப்ட்டைப் பழுது பார்த்துட்டு, ‘சரியா இருக்கு’ன்னு சான்றும் நீங்களே குடுத்துக்க விடுவாங்களா?”

கணவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சான்று தர வேறொருவர் வருவார் என்பதும், வருகிறவர் எவ்வளவு கடுமையானவர் என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும்.

“இவளுக்கு ஆபரேஷன் பண்ணின டாக்டர்கிட்டயே கூட்டிட்டுப் போவோம்” என்றாள் அவள். “அவங்க பார்த்து, இப்ப என்ன இருக்கோ அதை எழுதட்டும். சரியாகிப்போன குறைன்னா அதுக்கு வேற குறியீடு இருக்கு; ‘முன்பு இருந்து சரிசெய்யப்பட்டது’ன்னு வரும். அதைப் போடறவங்க போடுவாங்க. அத்தையா நான் கூட வரேன்.”

அவ்வாறே வந்தாள். விடுப்பு எடுத்துக்கொண்டு, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, மற்றவர்களைப்போல் சீட்டு வாங்கி, வரிசையில் அமர்ந்தாள். தினமும் உரிமையோடு நுழைந்த அறைக்கு வெளியே, பெயர் கூப்பிடும்வரை காத்திருந்தாள்.

அறுவை மருத்துவர் பெண்ணின் வயிற்றுத் தழும்பைக் கண்டதும் முகம் மலர்ந்தார். “என் தையல்தான்! நல்லா வளந்திருக்கு. தீயணைப்பா? பலே!” பிறகு பழைய அறுவைக் குறிப்பை வரவழைத்துப் படித்தார். படித்தவர் முகம் மாறியது. பெண்ணைச் சில கேள்விகள் கேட்டார். பாதம் அடிக்கடி மரத்துப்போகிறது என்றும், பயிற்சியின் கடுமையால் இருக்கும் என்று விட்டுவிட்டதாகவும் அவள் சொன்னாள். இரத்தம் எடுத்தார்கள்.

முடிவு வந்த அன்று மருத்துவர் கோபமாகவே பேசினார்; யார்மேல் என்றுதான் தெரியவில்லை. “குடல்ல அடைப்பு முழுசா சரியாயிடுச்சு. அதுல ஒரு குறையும் இல்லை. ஆனா இவளுக்கு எடுத்த துண்டு பின்சிறுகுடலோட கடைசிப் பகுதி. பி பன்னிரண்டு வைட்டமின் அங்கதான் உறிஞ்சும். உடம்புல இருந்த சேமிப்பு இத்தனை வருஷத்துல தீந்துபோச்சு. ஊசி போட்டா சரியாயிடும். ஆனா விடாம போடணும். இந்த மாதிரிப் பிள்ளைங்களை வருஷா வருஷம் கூப்பிட்டு ரத்தம் பார்க்கிறோமே! இவ பேரு எப்படிப் பட்டியல்ல வராம போச்சு?”

அத்தைக்கு விடை தெரியும். அந்தப் பட்டியலைக் கணினி, புள்ளிக்குப் பின் இரண்டு உள்ள கோப்புகளிலிருந்து எடுக்கிறது. இவள் ஒன்பதின்கீழ்க் கிடந்தாள். ஆனால் அன்று அங்கே அவள் அத்தையாக மட்டுமே வந்திருந்தாள், நாவை அடக்கிக்கொண்டாள்.

நடைக்கு வந்ததும் நாத்தனார் வெடித்தாள். “ஒரு வரியை எடுக்கச் சொன்னேன். நீங்க இன்னொரு வரியைச் சேத்து வெச்சிட்டீங்க! இனிமே ‘நோயாளி’ன்னுதானே சொல்வாங்க? வாயை மூடிக்கிட்டு அந்த ஒண்ணை அழிச்சிருந்தா இந்நேரம் என் பொண்ணு சீருடை தைக்கக் குடுத்திருப்பா.”

“அம்மா, விடு” என்றாள் பெண்.

“நீ சும்மா இருடி. வெளியாள்கூட இப்படிப் பண்ண மாட்டாங்க.”

அந்தக் கடைசிச் சொல் தைத்தது.

மறுநாள் காலையில் அந்தப் பெண்ணின் கோப்பு கீழே இறங்கி வந்தது. முறைப்படி அவள் அதைத் தொடாமல், இது தன் உறவினர் கோப்பு என்று பிரிவுத் தலைவரிடம் எழுதிக் கொடுத்தாள். குறியீடு இடத் தேர்ந்த மற்றொருவர் அந்த அறையில் பொதுவார்தான். அவர் மேசைக்கு அது சென்றது. அவர் தாள்களைப் புரட்டும் ஓசை அவளுக்குக் கேட்டது. சலவைக்கூடத்து இயந்திரம் சுற்றி நின்று, மீண்டும் சுற்றியது. சிறிது நேரத்தில் நாற்காலி நகர்ந்தது.

“அக்கா.” குரலைத் தாழ்த்திக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். “போன வருஷம் அந்தச் சுளுக்குக் கோப்பை முடிச்சது நான்தான். கம்ப்யூட்டர் காட்டிச்சு, அப்படியே விட்டுட்டேன். உங்க வீட்டுப் பொண்ணுன்னு சத்தியமா தெரியாது.”

“தெரிஞ்சிருந்தா?”

அவர் கையிலிருந்த கோப்பைப் புரட்டினார். வேறொன்று சொன்னார். “பழைய குறையை ‘சரிசெய்யப்பட்டது’ன்னு மாத்திட்டேன். இந்த வைட்டமின் விஷயம்... இது சின்னதுதானே? ஊசி போட்டா போயிடுது. டாக்டர் ரெண்டாம் பக்கத்துல, அடியிலதான் எழுதியிருக்காங்க. என் கண்ணுல படலைன்னா படலை. யாரும் கேக்கப் போறதில்லை. என்னால வந்த வினைக்கா. நானே சரி பண்ணிடறேன். நீங்க தலையைக்கூட ஆட்ட வேண்டாம். சும்மா இருந்தா போதும்.”

சும்மா இருந்தால் போதும். அவ்வளவுதான் அவளிடம் கேட்கப்பட்டது. தன் விரல் எதையும் தொடாது. தன் பெயர் எங்கும் வராது. நாத்தனார் நெஞ்சு குளிரும். பெண் சீருடை அணிவாள். எத்தனையோ ஆண்டு எண்ணற்ற குழந்தைகளுக்குச் செய்த ஊழியத்துக்கு, வீட்டுக்கென்று ஒரே ஒரு சலுகை. அவள் நெஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை மறைப்பதற்கில்லை, கண்ணைக்கூட மூடிக்கொண்டாள்.

மூடிய கண்ணுக்குள் அவளுக்கு ஓர் ஏணி தெரிந்தது. புகை. உயரத்தில், தோளில் யாரையோ சுமந்துகொண்டு இறங்கும் பெண். கீழ்ப்படியைத் தேடும் பாதம். அந்தப் பாதம் மரத்திருந்தது.

கண்ணைத் திறந்தாள். “டாக்டர் என்ன எழுதியிருக்காங்களோ, அது முழுக்க வரணும். இதுக்கு மேல இந்தக் கோப்பைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை பேசாதீங்க. தம்பி, தயவு செஞ்சு.”

அவர் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். “அப்ப ஒரு சந்தேகம் இருக்கே. ஊசி எத்தனை மாசத்துக்கு ஒண்ணுன்னு கையெழுத்து புரியலை.”

“நான் பார்க்க மாட்டேன்.”

“உங்களைக் கேக்கலைக்கா” என்று சொல்லி, கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வலது முட்டியை ஒருமுறை தடவிவிட்டு, பொதுவார் மாடிப்படியை நோக்கி நடந்தார். அறையில் இருந்த மற்றவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

சான்று போயிற்று. குறை முன்பு இருந்தது, சரிசெய்யப்பட்டது என்று ஒரு வரி. அறுவையின் பின்விளைவாக வைட்டமின் உறிஞ்சப்படாமை, ஊசி தொடர்கிறது என்று மற்றொரு வரி. நாத்தனாரிடமிருந்து அந்நாட்களில் ஓர் அழைப்பும் இல்லை. கணவர் மட்டும் இருபுறமும் செய்தி சுமந்தார். “அங்க உன்னைத் திட்டறா. இங்க நீ ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிற. நடுவுல நான் எந்த மாடியிலயும் நிக்காம மேலயும் கீழயும் போய்க்கிட்டிருக்கேன்.”

மாதம் முடிவதற்குச் சற்று முன், தகுதிக் குழு பெண்ணை நேரில் அழைத்தது. திரும்பியவள் தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே மருத்துவமனைக்கு வந்து, கீழ்த்தளத்தின் வாசலில் மூச்சிரைக்க நின்றாள்.

“அத்தை! குழுவுல இருந்த டாக்டர் முதல்ல சிரிச்சாரு. ‘போன சான்றுல குடலே இல்லை, இந்தச் சான்றுல முளைச்சிருக்கே’ன்னாரு. அப்புறம் ஊசியைப் பத்திக் கேட்டாரு. மறந்தா என்ன ஆகும்னாரு. ‘மறந்தா கால் மரக்கும் சார். கால் மரத்தவ ஏணியில நின்னா, என்னோட சேந்து இன்னொரு உயிரும் விழும். அதனால மறக்க மாட்டேன்’னு சொன்னேன்.”

“அவர் என்ன சொன்னார்?”

“‘இதை மறைச்சு வந்திருந்தா, பயிற்சியில கண்டுபிடிச்சு நானே வெளிய அனுப்பியிருப்பேன்’னாரு. வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை காட்டணுமாம். எடுத்துக்கிட்டாங்க அத்தை!”

அறையே கைதட்டியது. பொதுவார்தான் ஓங்கித் தட்டினார். அத்தை பெண்ணின் கன்னத்தை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டாள். கண்ணாடி வழியே மட்டும் கண்ட முகத்தை முதன்முறையாகத் தொடுபவள்போல.

“உங்கம்மாகிட்ட சொன்னியா?”

“போன்ல சொன்னேன். அழுதாங்க. அப்புறம், ‘உங்க அத்தை இன்னும் என்மேல கோபமா இருக்காங்களா கேளு’ன்னாங்க.”

“என்ன சொல்லப் போற?”

“நீங்களே சொல்லுங்க. நான் என்ன, மாமாவா? மேலயும் கீழயும் போய்க்கிட்டிருக்க?”

அவள் சிரித்துவிட்டாள். அன்று மாலை நாத்தனார் வீட்டுக்குப் போகலாம் என்றாள்.

போவதற்கு முன் ஒரு வேலை இருந்தது. இந்தப் பெண்ணுக்கு அத்தை இருந்தாள். அத்தை இல்லாத பிள்ளைகள் பழைய ஒன்பதின்கீழ் இன்னும் எத்தனை பேர், எங்கெங்கே கால் மரத்துப்போய் நடக்கிறார்களோ! அந்தக் கோப்புகளையெல்லாம் மீண்டும் எடுத்து மருத்துவரிடம் காட்ட அனுமதி வேண்டும் என்று பிரிவுத் தலைவரிடம் போய் நின்றாள்.

தலைவர் பெருமூச்சு விட்டார். “கிடங்குல கிடக்குதும்மா எல்லாம். யாரு எடுக்கிறது? யாரு மாடிக்குத் தூக்கிட்டுப் போறது?”

அவள் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“கிடங்குச் சாவியைக் குடுங்க சார். ஏணி இருக்கா அங்க?” என்றார் பொதுவார்.